கட்டைக்கு மாலை போட்ட ஊர்

1

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்து வைக்கும் வாசகராக அல்ல. கூண்டில் ஏறி நின்று, பிற்பாடு யார் கேட்டாலும், "ஆம், இவன் சொன்னான், நான் கேட்டேன்" என்று உரைக்கக்கூடிய சாட்சியாக. சென்ற மாசி மகத்தன்று, பாலாற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில், ஊரார் முன்னிலையில் நான் வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த சில நாட்களில் விமானம் ஏறி வேல்ஸ் நாட்டுக்குத் திரும்பிவிட்டேன். கடல் கடந்து வாழ்பவனின் வாக்குக்கு ஊரில் எவ்வளவு ஆயுள் என்பதை நான் அறிவேன். அவன் ஏறிய விமானம் மேகத்தில் மறையும்வரைதான். ஆகவே சாட்சி தேடுகிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் சவுக்கும் எங்கள் பயிர். செங்கற்பட்டில் படித்த காலத்தில் என்னை வளர்த்தவை மேடைகள். பேச்சுப் போட்டி எங்கே அறிவிக்கப்பட்டாலும், முதல் பரிசை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றுக்குத்தான் போட்டி நடத்த வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. இன்று வேல்ஸின் மலைச்சரிவில் ஒரு சிற்றூரில், பண்ணை வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பொறியாளனாக இருக்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் டிரெய்லர்களின் பிரேக்கைச் சோதிப்பது என் வேலை. ஒலிபெருக்கி அதிர முழங்கியவன் இங்கே நாளெல்லாம் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இரண்டே: "பிடிக்கிறது", "பிடிக்கவில்லை".

2

கடந்த குளிர்காலத்தில் எவன்ஸ் என்ற விவசாயி தம் டிரெய்லரைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். உருளைகளின்மீது சக்கரங்களை ஏற்றி ஓடவிட்டு பிரேக்கை அழுத்தினால், ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் கருவி காட்டிவிடும். அவருடைய வண்டியில் வலப்பக்கம் பிடித்தது. இடப்பக்கம் சும்மா சுழன்றது. சரிசெய்யும்வரை சாலையில் ஏற்றக்கூடாது என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆடுகளுக்குத் தீவனம் ஏற்ற வேண்டும், மழை வரப்போகிறது, வயல் சாலையில் மெதுவாகத்தானே போகப்போகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நான் முடியாது என்று தலையை மட்டும் அசைத்தேன். அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "உன் ஊரிலும் இப்படித்தான் கெடுபிடி செய்வீர்களா? அங்கே டிரெய்லருக்கு என்ன பிரேக் போடுகிறீர்கள்?"

யோசிக்கும் முன்பே என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"மாசிலாமணி."

ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். "நல்ல தயாரிப்பா?" என்றார்.

"மிகவும் நல்லது."

"அப்படியானால் இங்கே ஏன் விற்பதில்லை?"

நான் கைகழுவும் இடத்துக்குப் போய், அழுக்கே இல்லாத கைகளை நெடுநேரம் கழுவினேன்.

இந்த நாடு எனக்குக் கற்பித்த முதல் அவமானமும் டிரெய்லரால் வந்ததுதான். மீசை அரும்புமுன்பே டிராக்டர் ஓட்டியவன் நான். இங்கே காருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டி ஓட்டத் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். விண்ணப்பம், கண் பரிசோதனை, காத்திருப்பு, மறுபடி விண்ணப்பம். கடைசியில் தேர்வு நாளன்று வண்டியைக் கச்சிதமாக ஓட்டி நிறுத்திவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். தேர்வாளர் என்னைத் தோல்வி என்று அறிவித்தார். "புறப்படும் முன் நீங்கள் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை" என்றார். உண்மைதான். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டு வண்டியில் இறங்கிப் பின்னால் போவதற்கென்றே வேறொருவர் இருந்தார்.

3

எங்கள் பக்கத்தில் டிரெய்லரைக் கடையில் வாங்குவதில்லை, பட்டறையில் செய்விப்பார்கள். ஓடித் தேய்ந்து கழித்துக் கட்டப்பட்ட ஒரு பஸ்ஸின் அச்சை எடுத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் போட்டு, பலகை அடித்து, பக்கத் தடுப்பு வைத்துவிட்டால் டிரெய்லர் தயார். பஸ்ஸில் இருந்தவரை அந்த அச்சில் பிரேக்கும் இருந்தது. பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். "அது இன்னாத்துக்கு? முன்னால டிராக்டர்ல கீதே" என்பது பட்டறையின் தத்துவம். முன்னால் இருப்பது டிராக்டரை நிறுத்தப் போதும். பின்னால் சவுக்குக் கழிகளோ நெல் மூட்டைகளோ நாற்பது உயிர்களோ ஏறிய பிறகு, இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும், ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும்.

மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் மக்கள் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றே அழைப்பார்கள். அவரிடம் டிராக்டரை மட்டும் கழுவிப் பொட்டு வைத்து ஓட்டிப்போவோம். டிரெய்லர் நெற்களத்தில் நிற்கும். அவர் பார்த்த வண்டியில் பிரேக் இருந்தது. அவர் பார்க்காத வண்டியில் நாங்கள் ஏறினோம். இதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் டிரெய்லரின் பிரேக், மாசிலாமணி. எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர், சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர். டிரெய்லரின் பின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ஆப்பு வடிவில் செதுக்கிய கருவேல மரக்கட்டை ஒன்று இருக்கும். மேடு வந்ததும் டிராக்டர் ஓட்டும் என் அண்ணன் தேவராஜ் "கட்டை!" என்று குரல் கொடுப்பான். குரல் முடியும்முன் அவர் தரையில் இருப்பார். கட்டையைக் கையில் ஏந்தியபடி சக்கரத்தோடு சக்கரமாக மேட்டில் நடப்பார். எஞ்சின் திணறி வண்டி பின்வாங்கினால் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுப்பார். அண்ணன் மறுபடி கியர் போட்டு ஏறுவான். சுற்றுவட்டாரத்தில் டிரெய்லர் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு கட்டைக்காரர் உண்டு.

நான் பரிசுக் கேடயத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கும் நாட்களில் அவர் என்னைச் சீண்டாமல் விடமாட்டார்.

"இன்னா தம்பி, இன்னிக்கும் கெலிச்சிட்டியா? மேடையில எத்தினி வாட்டி ஏறி எறங்குன?"

"ஒரு தடவைதான்."

"அதுக்கே கை தட்டுறானுங்களா? நான் நாளிக்கு நாப்பது வாட்டி இந்த வண்டியில ஏறி எறங்குறேன். ஒரு பையன் தட்ட மாட்றான்பா!"

டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும் சிரிப்பு அது.

முன்பு மண் சாலைகள் இருந்தன. பள்ளமும் புழுதியுமான அந்தச் சாலைகளே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஊன்றிய கட்டையும் மண்ணில் புதைந்து நிற்கும். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. கண்ணாடிபோல் வழவழப்பான தார். நாங்கள் அதைக் கொண்டாடினோம். மாமல்லபுரம் இனி எட்டிவிடும் தூரம் என்றோம். கட்டைக்கு அந்தத் தாரில் பிடிமானம் இல்லை என்பதை யாரும் எண்ணவில்லை.

4

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடலில் நீராடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் புதுச் சாலையில் நாங்கள் போன முதல் மாசி மகம் அது. டிரெய்லரில் நாற்பது பேர் இருப்பார்கள். டிராக்டரின் மட்கார்டில், அண்ணனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டிராக்டர் பிரேக்கைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மிதிகள். ஒன்று இடச் சக்கரத்துக்கு, மற்றொன்று வலச் சக்கரத்துக்கு. சேற்று வயலில் வண்டியைச் சட்டெனத் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் பிணைத்துவிட வேண்டும். முந்தைய நாள் மாலைவரை அண்ணன் வயலில் சேறு கலக்கினான். விடிந்ததும் அதே வண்டியில் டிரெய்லரைப் பூட்டிக் கடலுக்குக் கிளம்பினான். கொக்கியை மாட்டவில்லை. சேறு ஓட்டும் ஊரில்தான் இந்தத் தவறு நிகழும். அது எங்கள் ஊரில் தினமும் நிகழ்ந்தது.

நீராடித் திரும்பும் வழியில், பாலாற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில், முன்னால் போன பஸ் திடீரென நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தான். ஒரு மிதி மட்டுமே இறங்கியது. டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்பி எஞ்சின் அணைந்தது. டிரெய்லர் பின்னுக்கு இழுக்கத் தொடங்கியது. "கட்டை!" என்று அவன் கத்தியபோது மாசிலாமணி ஏற்கெனவே கீழே இருந்தார். கட்டையைக் கொடுத்தார். சக்கரம் அதைத் தாரின்மேல் தள்ளிக்கொண்டே வந்தது. அவர் அதைப் பிடுங்கி எடுத்து, பின்னால் ஓடி, மறுபடி கொடுத்தார். இம்முறை கையை எடுக்கவில்லை. தோளையும் கொடுத்தார். சக்கரம் கட்டையின்மேலும் அவர்மேலும் ஏறி நின்றது.

ஆம், நின்றது. நாற்பது பேரும் ஒரு கீறலுமின்றி இறங்கினார்கள். அவருடைய மனைவி குப்பம்மாவும், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன் அருளும் அவர்களில் இருந்தனர்.

காவல் நிலையத்தில் நான் பேசினேன். கொக்கி மாட்டப்படவில்லை என்றேன். டிரெய்லரில் பிரேக்கே இல்லை என்றேன். ஒரு மனிதனைப் பிரேக்காக வைத்து ஓட்டும் வழக்கத்தை ஒழிக்காதவரை இது விபத்தல்ல, வழக்கம் என்றேன். என் வாழ்வின் மிகச் சிறந்த பேச்சு அதுதான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தம்பி சோக்கா பேசுதே. காலேஜா?"

"ஆமா ஏட்டையா, கேடயம்லாம் வாங்கிகீறான்" என்றார் பக்கத்தில் நின்ற உறவினர், பெருமையாக.

ஏட்டு தலையசைத்துவிட்டு, அண்ணன் சொன்னதை எழுதினார். இறந்தவர் கட்டையைச் சரிவரப் போடாத கவனக்குறைவு. வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பற்றினான்.

"போன மாசம் காலேஜ் பட்டிமன்றத்துல இன்னா பேசுன நீ? விபத்துக்குக் காரணம் மிஷினு இல்ல, மனுசன்தான்னு பேசித்தானே கேடயம் வாங்குன? இப்ப மாத்திப் பேசுறியே!"

குலுக்கலில் எனக்கு விழுந்த அணி அது. எதிரணி விழுந்திருந்தால் அதிலும் வென்றிருப்பேன்.

5

அடுத்த ஆண்டு ஊர் கூடியது. டிரெய்லருக்குப் பிரேக் போடுவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாசிலாமணி தெய்வமாக நின்று நாற்பது பேரைக் காத்தார் என்றார்கள். புதிதாக ஒரு கட்டை செதுக்கி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாலை போட்டுக் கற்பூரம் காட்டிய பிறகுதான் வண்டி கடலுக்குக் கிளம்ப வேண்டும் என்று முடிவாயிற்று. கட்டை பிடிப்பவருக்கும் ஒரு மாலை, முதல் தேங்காய் மூடி, முதல் விபூதி. அதற்குக் "கட்டை மரியாதை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மாசிலாமணியின் பங்காளிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் பிடித்தார்கள்.

வாசகரே, இதைச் சிரித்துக்கொண்டு கடந்துபோகாதீர்கள். ஒரு சாவுக்கான காரணத்தை மறைக்க வேண்டுமானால் அதைப் புதைக்கத் தேவையில்லை, அதற்கு ஒரு மாலை போட்டால் போதும். பிறகு அதைக் கேள்வி கேட்பவன் சாமி குற்றம் செய்தவனாகிவிடுவான்.

எவன்ஸ் வந்துபோன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அண்ணனோடு தொலைபேசியில் பேசினேன்.

"புது டிரெய்லர் செஞ்சிகீறேன்டா. பெருசு. இந்த வருசம் மகத்துக்கு அம்பது பேரு போலாம்."

"பிரேக் வைத்தாயா?"

"கட்டைக்கு ஆள் கீறான். அருளுதான். அப்பன் புடிச்ச கட்டைய இந்த வருசத்துலேர்ந்து புள்ள புடிக்கட்டும்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அவனுக்கும் சந்தோசம்தான்."

அருள் இப்போது சிறுசேரியில் மென்பொருள் அலுவலகங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கார் ஓட்டுகிறான். இருக்கைப் பட்டை போடாமல் வண்டியைக் கிளப்பமாட்டானாம். அவன் மகத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அதே தாரில், பெரிய டிரெய்லரின் பின்னால், கையில் ஒரு மரக்கட்டையோடு நடக்கப்போகிறான்.

அன்று மாலையே நான் விமானச் சீட்டு எடுத்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சடங்கு" என்று எழுதினேன். அலுவலகப் பெண்மணி, "திருமணமா, இறப்பா?" என்று கேட்டார். விண்ணப்பத்தில் இந்த இரண்டுக்கும்தான் கட்டம் இருந்ததாம். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

6

மனைவியையும் ஐந்து வயது மகள் யாழினியையும் அழைத்துக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தேன். யாழினி வேல்ஸில் பிறந்தவள். தமிழ் புரியும், பேச்சு வேறு மொழியில் வரும். அதுபற்றி நான் வருந்தாத நாளில்லை. நெற்களத்தில் நின்ற புது டிரெய்லரை அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பெரியப்பா, பெல்ட் where?"

வீடே சிரித்தது. அண்ணன் அவளைத் தூக்கி உள்ளே நிறுத்தி, மூலையில் கிடந்த கயிற்றைக் காட்டினான். "தோ கீது பாரு. வேணும்னா இத்தக் கட்டிக்கோ."

அவள் சிரிக்கவில்லை. இறக்கிவிடும்வரை அழுதாள். என் மகள் என் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று அன்று அளந்தேன். முதல்முறையாக அந்தத் தூரம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று அண்ணனிடம் மேடைத் தமிழை எடுத்தேன். மூன்று காரணங்கள், இரண்டு உவமைகள், ஒரு முத்தாய்ப்பு.

"முடிச்சிட்டியா?" என்றான் அண்ணன். "ஊர் பூரா பிரேக்கு இல்லாமத்தான் ஓட்டுது. நான் மட்டும் இன்னா கொலைகாரனா? ஃபாரின்ல குந்திகினு நெறைய பேசலாம்டா. இங்க வந்து ஒரு லோடு அடிச்சிப் பாரு."

"செலவு என்னுடையது. வேலையும் என்னுடையது. நீ வண்டியை மட்டும் கொடு."

"எத்தினி நாளு?"

"மகத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன்."

"செய்யி போ. ஒனக்கும் பொழுது போவும்."

மதுராந்தகத்தில் ஒரு பட்டறை பிடித்தேன். பழைய இரும்புக் கடையில், கழற்றி எறியப்பட்ட பிரேக் டிரம்களையே தேடி வாங்கினேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் புதிய பிரேக் கட்டைகள் பொருத்தி, டிராக்டரின் எண்ணெய் அழுத்தத்தால் அவை இயங்கும்படி ஒரு ரப்பர் குழாய் இழுத்தேன். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே அந்தக் குழாயைச் சொருகிவிட்டால், அண்ணன் மிதிக்கும்போது இரண்டும் சேர்ந்து நிற்கும். களத்தில் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். பிடித்தது.

அருளைப் பார்க்கப் போனேன். நல்ல உயரம். தகப்பனின் சிரிப்பு.

"இனி கட்டை வேண்டாம் அருள். பிரேக் வைத்தாகிவிட்டது."

"வெச்சா நல்லதுதான் அண்ணாத்த. ஆனா கட்டை எங்கப்பாது. ஊர்ல எங்கள கூப்ட்டு மாலை போடுறது அந்த ஒரு நாளுதான். அதையும் வாணாம்னு சொன்னா எங்கம்மா இன்னா நெனைக்கும்?"

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் சரியாகப் பேசிவிட்டால் நடுவர் முகத்தைப் பார்ப்போமே, அப்படிச் சுற்றுமுற்றும் பார்த்தேன். நடுவர் யாரும் இல்லை.

7

மகத்தன்று விடியலில் டிரெய்லர் நிறைந்திருந்தது. மேளம் ஒலித்தது. மஞ்சள் பூசிய கட்டைக்குக் கற்பூரம் காட்டினார்கள். அருள் வெள்ளை வேட்டியில் மாலைக்குத் தலை குனியத் தயாராக நின்றான். குப்பம்மா டிரெய்லரின் பின் ஓரத்தில், கட்டை பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். வேல்ஸ் தேர்வாளரின் குரல் காதில் ஒலிக்க, நான் வண்டியைச் சுற்றிப் பின்னாலிருந்து முன்னால்வரை நடந்து பார்த்தேன். முன்பகுதியில் நின்றுவிட்டேன்.

ரப்பர் குழாய் சொருகப்படவில்லை. மடக்கி, கம்பியால் டிரெய்லரின் சட்டத்தோடு இறுகக் கட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"அது மாட்னா வண்டி இழுவையா கீதுடா. டீசல் குடிக்குது. மாட்டிக் கழட்டுறது வேற பேஜாரு" என்றான் அண்ணன், இருக்கையில் ஏறியபடியே. "கட்டைதான் கீதே. நேரமாவுது, ஏறு."

நான் அண்ணனோடு வாதிடவில்லை. பின்னால் நடந்து போனேன். பூசாரி அருளின் கழுத்தை நோக்கி உயர்த்திய மாலைக்குக் கீழே என் தலையை நீட்டினேன். மாலை என்மேல் விழுந்தது. மேளம் நின்றது.

"இன்னா தம்பி, இன்னா பண்ற?" என்றார் பூசாரி.

"கட்டை மரியாதை எங்கள் வீட்டு வண்டிக்கு. வண்டி எங்களுடையது, கட்டையையும் எங்கள் வீட்டு ஆள்தானே பிடிக்க வேண்டும்?" அருளின் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம். "அருள், நீ உன் அம்மா பக்கத்தில் உட்கார். இன்று நான் பிடிக்கிறேன்."

"வெளாடாத! இங்க வாடா!" அண்ணன் இருக்கையில் திரும்பிக் கத்தினான். "ஒனக்கு இன்னா தெரியும் கட்டைய பத்தி? சக்கரம் ஏறிச்சின்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்."

டிரெய்லரின் பின் விளிம்பில் ஏறி, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். மாலை கழுத்தில், கட்டை மடியில். என் மனைவி யாழினியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் வடிந்து வேறொன்று வந்தது. மாசிலாமணி அந்த இடத்தில் உட்கார்ந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட அது வந்ததில்லை. அச்சம்.

அவன் இறங்கினான். கம்பியை முறுக்கி அவிழ்த்தான். குழாயை இழுத்து, நுனியை வேட்டியில் துடைத்து, டிராக்டரில் சொருகினான். 'டக்' என்று ஓர் ஓசை. பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து, இரண்டு மிதிகளையும் கொக்கியால் பிணைத்தான். ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்தான் ஆகியிருக்கும்.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்த குப்பம்மாவும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இவ்ளோதானா தம்பி?"

நான் திரும்பினேன்.

"இது மாட்ட இவ்ளோ நேரந்தானா? அவருக்குக் கை தவறிடுச்சின்னு சொன்னீங்களே எல்லாரும். இது இருந்திருந்தா?" அருள் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர்மேடை, கல்லூரி மேடை, போட்டி மேடை என்று எத்தனையோ கேள்விகளுக்கு நான் எழுந்து நின்று விடை தந்திருக்கிறேன். அன்று கடலுக்குப் போகும் வழியெல்லாம் மடியில் இருந்த கட்டையின் மஞ்சளை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

நீராடித் திரும்பும் வழியில், பாலத்துக்கு ஏறும் மேட்டில், அந்த இடத்தில், வண்டியை நிறுத்தச் சொன்னேன். அண்ணன் மிதித்தான். ஏற்றத்தின் நடுவில், ஐம்பது பேரின் பாரத்தோடு, டிரெய்லர் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் நின்றது. யாரும் கைதட்டவில்லை. கீழே ஆறு வறண்டு கிடந்தது. கடற்காற்று மட்டும் வீசியது. அண்ணன் முன்னாலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டான்: "நீ பிளேன் ஏறுனதும் நான் இதக் கழட்டிருவேன்னு நெனைக்கிறியா?"

"நினைக்கிறேன்" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. இப்போதும், இங்கிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்கும்போது "ம்" என்று மட்டும் சொல்கிறான். அந்த "ம்" எனக்குப் போதாது. உங்களைச் சாட்சிக்கு அழைத்தது அதனால்தான்.

நான் வண்டியைவிட்டு இறங்கினேன். மாலையைக் கழற்றி, மாசிலாமணி விழுந்த இடத்தில், தாரின்மேல் வைத்தேன். ஊரார் என் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். மேடையில் பேசிப் பழகிய மொழி எதுவும் வாயில் வரவில்லை. அவர் என்னைச் சீண்டிய மொழிதான் வந்தது. கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குப்பம்மாவைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"யக்கா, அவரு கை தவறல. வண்டியில பிரேக்கு இல்ல, மிதியில கொக்கி மாட்டல. அத வருசா வருசம் இதே எடத்துல எறங்கி நின்னு நான் சொல்லுவேன். இந்தக் கட்டை இனிமே எங்க வூட்டுது. குழாய் மாட்டாம இந்த வண்டி மகத்துக்குக் கெளம்புச்சின்னா, பின்னால கட்டையோட குந்துறது நானாத்தான் இருப்பேன். உன் புள்ள இல்ல."